கல்விச்சீர் வாங்கும் பள்ளி

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்து ஊர்களில், அரசுப் பள்ளிக்கு ஊரார் சீர் கொண்டுபோகும் வழக்கம் கடந்த சில ஆண்டுகளில் நன்றாக வேர்பிடித்துவிட்டது. கல்விச்சீர் என்று அதற்குப் பெயர். காதணி விழாவுக்குத் தாய்மாமன் வீட்டுச் சீர் புறப்படுவதுபோல, மேளதாளம் முன்னே செல்ல, பெண்கள் தாம்பூலத் தட்டுகளில் தேங்காயும் பழமும் வெற்றிலைபாக்கும் மட்டுமல்லாமல் நோட்டு, பேனா, சாக்பீஸ் பெட்டி, கைப்பந்து, எவர்சில்வர் குடம் என்று ஏந்திவர, பின்னால் டிராக்டரில் பீரோவும் நாற்காலிகளும் மின்விசிறிகளும் வரும். தலைமையாசிரியர் பள்ளி வாசலில் சந்தனம், கற்கண்டு வைத்து வரவேற்பார். மாணவர்களுக்கு அன்று பாதிநாள் பாடம் நடக்காது என்பதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் இப்படிச் சீர் போகிறது. நான் அங்கே பத்தாம் வகுப்பு வரை படித்தவன்; பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2024-இல் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டதால், இப்போது அந்தக் குழுவில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சீர் ஏற்பாட்டில் நானும் கலந்துகொள்பவன் என்பதால் அதைக் குறைசொல்லும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. ஆனால் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு உண்மையில் எது குறைவாக இருக்கிறதோ அது எந்தத் தட்டிலும் வைத்துக் கொண்டுபோகக்கூடியதாக இல்லை என்பதைக் குழுவில் உட்கார்ந்த பிறகுதான் முழுமையாகப் பார்க்கிறேன்.

இதே ஊர்களில்தான் ஆடி, ஆவணி மாதங்களில் மொய்விருந்து நடக்கிறது. பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து வைப்பார்கள். வருபவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியதை, அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணறு போட்டதும், பிள்ளையைச் சிங்கப்பூர் அனுப்பியதும், பெண்ணைக் கட்டிக்கொடுத்ததும் பல வீடுகளில் இந்தப் பணத்தில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு மொய் வரவு வெகுவாகக் குறைந்தது; அதன்பின் கொரோனா வந்தது. அப்படிக் கணக்குப் பார்த்தே கொடுத்துவாங்கிப் பழகிய ஊர்கள், திரும்பி வராது என்று தெரிந்தே ஒரு பள்ளிக்குக் கொடுக்கின்றன என்பது சாதாரணச் செய்தி அல்ல.

பள்ளிக்கு ஊர் கொடுப்பது புதிய வழக்கமும் அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து 1950-களின் பிற்பகுதியில் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், நிலமும் கட்டடமும் மணியும் மேசையும் ஊரார் கையிலிருந்தே வந்தன. எங்கள் பள்ளி நிற்கும் இடமும் ஒரு குடும்பம் எழுதிக்கொடுத்த மேட்டு நிலம்தான். தொடக்கப் பள்ளியாக இருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள நடுநிலைப் பள்ளியாகி, அதன்பின் உயர்நிலைப் பள்ளியானது. நடுநிலையை உயர்நிலையாக்க ஒரு லட்சம் ரூபாய், உயர்நிலையை மேல்நிலையாக்க இரண்டு லட்சம் ரூபாய் என்று பொதுமக்கள் பங்குத்தொகை செலுத்தும் நடைமுறை நெடுங்காலம் இருந்தது. அந்த ஒரு லட்சத்தைத் தலைக்கட்டு வரி போட்டு, கோயில் திருவிழாவுக்கு வசூலிப்பதுபோல் வீடுவீடாக வசூலித்துக் கட்டினார்கள். வரி கொடுக்க முடியாதவர்கள் சுற்றுச்சுவர் எழும்பியபோது வேலைக்கு வந்தார்கள்.

இன்றைக்கு அந்தப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். தலைமையாசிரியர் ஒருவர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று அரைநாட்கள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர் ஒருவர். 2012-இல் மாநிலம் முழுவதும் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்றவற்றுக்காக மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரில் அவரும் ஒருவர். தொகுப்பூதியம் உயர்ந்திருக்கிறது. பணி நிரந்தரம் ஆகவில்லை. அலுவலகப் பணியாளர் இடம் பெரும்பாலும் காலியாகவே இருப்பதால் கல்வித் தகவல் மேலாண்மையான எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதும், விலையில்லாப் பொருட்களுக்குக் கணக்கு எழுதுவதும், உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் வங்கிக் கணக்கையும் ஆதாரையும் சரிபார்ப்பதும் ஆசிரியர்கள் தலையில்தான் விழுகின்றன. அறிவியல் ஆசிரியர் கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு சமிக்ஞை கிடைக்கும் வேப்பமரத்தடியில் நின்றால், அவர் ஏதோ எமிஸ் பதிவில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அரசுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டபோதும் அந்த வேன் நிற்கவில்லை. மீதமிருப்பவர்கள் கூலிவேலைக்குப் போவோர், பூ எடுப்போர், ஆடு வளர்ப்போர், அப்பா வெளிநாட்டில் இருந்தும் கடன் அடையாத வீட்டுக்காரர் ஆகியோரின் பிள்ளைகள். மல்லிகைக் காலத்தில் விடியுமுன்பே அம்மாவுடன் பூ எடுக்கப் போய்விட்டு, கூடையைக் கீரமங்கலம் கமிஷன் கடைக்கு அனுப்பிய பிறகு அவசரமாகச் சீருடை மாட்டிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

இந்தச் சூழலில் ஆறாம் வகுப்பு என்பது பெற்றோருக்கு ஒரு பெரிய முடிவாக மாறியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024-இலும் தொடங்கின. அங்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை வேனில் போன பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் கொண்டுவந்து சேர்க்கும் வீடுகள் இப்போது இருக்கின்றன. ஆனால் அப்படிச் சேர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கணக்குக்கு ஆள் இருக்காங்களா, சார்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு எல்லா ஆண்டும் ஒரே பதில் சொல்ல முடிவதில்லை. பாடத்துக்கு ஒருவர் மட்டும் இருக்கும் பள்ளியில் ஒருவர் இல்லாமல் போவது அந்தப் பாடமே இல்லாமல் போவதாகும். நகரத்துப் பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் இன்னொருவர் அந்த வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். இங்கே ஆங்கில ஆசிரியர் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளை அமைதியாக எழுதச் சொல்வார். பெண் அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021-இலிருந்து 12 மாதங்களாக உயர்த்தப்பட்டது. அது மிக நியாயமான ஏற்பாடு; அதைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் விடுப்பில் இருப்பவரின் இடம் காலிப்பணியிடம் ஆகாது. ஆகவே ஆசிரியர் பணியிட மாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்துக்கு வேறொருவர் வர வழியில்லை. ஓராண்டு முழுவதும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லாதபோது, பதிவேட்டில் மட்டும் அந்தப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் இருந்துகொண்டே இருக்கிறார்.

உண்மையான காலியிடங்களுக்கு ஒரு வழி 2022-இல் திறக்கப்பட்டது. நிரந்தர நியமனம் ஆகும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்துக்கொள்ளலாம். தொகுப்பூதியமாக இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்றார்கள். தகுதித்தேர்வில் வென்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் வழக்குக்குப் போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. நிபந்தனைகளோடு நியமனம் நடந்தது, ஊதியமும் பிறகு கூட்டப்பட்டது. இருந்தாலும் கல்வியியல் பட்டம் பெற்ற ஒருவர் அந்தத் தொகைக்கு எங்கள் ஊர்வரை பேருந்தில் வந்துபோக முன்வருவது அரிது. வந்தவர்களும் ஒரு தனியார் பள்ளியில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தவுடன் போய்விடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நாம் யார்?

இந்த இடைவெளியை நிரப்பப் பழைய வழி ஒன்று உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஊரிலேயே இருக்கும் பட்டதாரிப் பெண் ஒருவரை அழைத்து வகுப்பு எடுக்கச் சொல்லும். சம்பளத்தை ஊர் கொடுக்கும். எங்கள் ஊரிலும் அப்படி நடந்தது. வந்தவர் எம்.எஸ்சி. கணிதம் படித்து, திருமணமாகி, இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவர். காலையில் மெல்லக் கற்போருக்குத் தனி வகுப்பு, மாலையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று அவர் எடுத்த பாடத்தால்தான் அந்த ஆண்டுப் பிள்ளைகள் கரையேறினார்கள். மாலை வகுப்புக்குச் சுண்டல் கொடுக்கும் செலவை ஒரு முறுக்குக் கம்பெனிக்காரர் ஏற்றுக்கொண்டார். ஆனால் சம்பளம் கொடுக்கும் பணத்தை மாதாமாதம் திரட்டுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரிந்தது. பீரோ வாங்கக் கேட்டால் ஒரே நாளில் பணம் வந்துவிடும். அதில் பெயர் எழுதலாம், படம் எடுத்துக் குழுவில் போடலாம். ஆகஸ்ட் மாதச் சம்பளத்துக்கு என்று கேட்டால் வாட்ஸ்அப் குழுவே அமைதியாகிவிடும்.

இதிலே இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைப் பற்றி ஊருக்குள் ஒத்த கருத்து இல்லை. ஊரே சம்பளம் கொடுத்து ஆள் வைத்துவிட்டால், ஆசிரியர் இல்லை என்ற குறை மேலே தெரியாமலே போய்விடும் என்று குழுவில் ஒரு மூத்தவர் சொல்வார். தேர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்டுவிடுவார்கள் என்பது அவர் பயம். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மார்ச் மாதம் தேர்வு; பாடத்துக்கு நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. கணக்கில் அந்த முப்பத்தைந்தைத் தாண்டாவிட்டால் அவனுக்கு வெல்டிங் பட்டறையோ திருப்பூர் பனியன் கம்பெனியோதான். மனுவும் கொடுக்க வேண்டும், ஆளும் வைக்க வேண்டும் என்ற பக்கத்தில்தான் நான் இருக்கிறேன்.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984-இல் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது வாரத்துக்கு ஐந்து முட்டையுடன் மதியம் சுடுசோறு கிடைக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஏப்ரல் மாதம் வரை உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டு வந்த பிள்ளை, ஜூன் மாதம் சாலையைத் தாண்டி எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புக்குள் நுழையும்போது அந்தக் காலை உணவு நின்றுவிடுகிறது. பூ எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் பெரிய பிள்ளைகள்தான். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிஸ்கட்டும் டீயும் கொடுக்கும் வேலையைத் தமிழாசிரியை தன் கைக்காசில் செய்துவருகிறார்.

பத்தாம் வகுப்போடு முடிந்துபோகும் பள்ளி என்பதே உயர்நிலைப் பள்ளியின் இயல்பான குறை. தேர்ச்சி பெற்றவர்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டும். பேருந்துக்கு இலவச அட்டை உண்டு. 2021-இலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. குறை கட்டணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காலைப் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்தில் போய்ச் சேரும்போது இரண்டு பாடவேளை முடிந்திருக்கும். மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து வர இருட்டிவிடும். இருட்டிய பிறகு பெண் வீடு திரும்புவதை விரும்பாத அப்பாக்கள் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை அடுத்த வைகாசியில் கல்யாணப் பத்திரிகையில் பார்ப்பது இப்போது அரிதாகிவிட்டது, ஆனால் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசு மிதிவண்டி கொடுக்கிறது. வேறு ஊர் போகத் துணிந்தவர்களுக்குத்தான் அது வந்துசேரும். போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் வீட்டில் அது இருப்பதில்லை. இந்த மாவட்டத்துக்கு மிதிவண்டியின் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டியும் கற்றார்கள். எங்கள் அத்தை அப்போது ஓட்டிப் பழகியவர். கல்குவாரிக்கு வேலைக்குப் போனதும் ரேஷன் அரிசி ஏற்றிவந்ததும் அதில்தான். அவருடைய பேத்தி பத்தாம் வகுப்பு முடித்தபோது, மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தன் மகனிடம், "நான் அந்தக் காலத்துலயே சைக்கிள்ல போனவடா, இவ போவா" என்று அவர்தான் பேசி முடித்துவைத்தார். எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அப்பத்தா இருப்பதில்லை.

பள்ளியை மேல்நிலையாகத் தரம் உயர்த்தக் கோரி ஊர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கிராமசபைத் தீர்மானம் போடுவார்கள், பங்குத்தொகை கட்டத் தயார் என்று எழுதுவார்கள், தேர்தலுக்கு வரும் எல்லோரிடமும் சொல்வார்கள். எதிரே நிற்கும் தடைகள் இரண்டு. ஒன்று, பக்கத்தில் இருக்கும் மேல்நிலைப் பள்ளியின் தூரம். வரைபடத்தில் நேர்கோடாக அளந்தால் பக்கம், ஏரிக்கரையைச் சுற்றிச் சாலையில் போனால் தொலைவு. மற்றொன்று, மாணவர் எண்ணிக்கை. மஞ்சள் வேனில் போகும் பிள்ளைகள் திரும்பி வந்தால் எண்ணிக்கை கூடும். மேல்நிலை வகுப்பு இருந்தால் அவர்கள் வருவார்கள். எண்ணிக்கை இல்லாததால் மேல்நிலை வகுப்பு இல்லை. எண்ணிக்கை இன்னும் குறைந்தால் இருக்கும் ஆசிரியரையே உபரி என்று கணக்கிட்டுப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் ஏப்ரல், மே வெயிலில் ஆசிரியர்கள் பெற்றோர் சிலரோடு வீடுவீடாகச் சேர்க்கைக்கு அலைகிறார்கள். சேர்க்கைக்கு வருபவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடைக்குப் பதில் மேல்நிலை வகுப்பு எடுக்கும் ஒரு முதுகலை ஆசிரியரைக் காட்ட முடிந்தால் பெற்றோர் தாமாகவே வருவார்கள்.

அண்மையில் நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அடுத்த சீரைப் பற்றிப் பேச்சு வந்தது. கஜாவில் விழுந்த மரங்களுக்குப் பதில் நட்டவை இப்போதுதான் நிழல் தரத் தொடங்கியிருப்பதால் திறந்தவெளி மேடைக்குக் கூரை வேண்டும் என்றார் ஒருவர். இரண்டாவது ஸ்மார்ட் டிவி தருவதாகச் சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். குழுத் தலைவியாக இருக்கும் அக்கா, நூறுநாள் வேலையிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தவர், முதல் டிவியே மின்னழுத்தம் குறைந்து பாதிநாள் ஓடுவதில்லை என்பதை எடுத்துச்சொன்னார். பிறகு நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. சீர் ஊர்வலம் இந்த ஆண்டும் உண்டு; ஆனால் பொருட்களின் அளவைக் குறைத்து, பெரும்பகுதிப் பணத்தை வங்கியில் தனியாக வைத்து, எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் போனாலும் அந்த வாரத்திலேயே ஒருவரை அழைத்துவர அதைப் பயன்படுத்துவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். காலை உணவை ஆறாம் வகுப்புக்கு மேலும் நீட்டிக்கக் கோருவதும், விடுப்பிலிருக்கும் ஆசிரியருக்கு மாற்று ஆசிரியர் கோருவதும் தனித்தனி மனுக்களாக அக்டோபர் 2 கிராமசபைக்குப் போகின்றன.

எனவே, வெளிநாட்டிலிருந்து என்ன அனுப்பலாம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதும் நண்பர்கள், இந்த முறை டிவிக்கும் பீரோவுக்கும் விலை விசாரிக்க வேண்டாம். மாதம் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஜூன் முதல் ஏப்ரல் வரை தவறாமல் போட முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அதில் பெயர் எழுத இடம் இருக்காது. கூட்டப் பதிவேட்டில் கணக்கு எழுதி, பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறோம்.